சமதரையின் மேடு பள்ளம்

மலையும் பேராறும் இல்லாத எங்கள் குடாநாட்டில் நிலவுருவங்களைப் பற்றி ஆராய்வதற்கு யாது உளது என வினவுவார் பலர். யாவும் ஒரே சமதரையாகத் தோன்றுதலே அவ்வினாவுக்குக் காரணம். ஆயின் மாரி வெள்ளம் அத்தோற்றத்தை நம்புவதில்லை. ஒரு முழ வேற்றுமையையும் கண்டறிந்து தன் வழியே செல்லும். நகரம் பெருகிவரும் இந்நாளில், நீர் அறிந்ததை நாமும் அறிதல் வேண்டும் என்பதே என் கருத்து.

வலிகாமத்துச் சுண்ணக்கற்றரை வடக்கே தெல்லிப்பழை, கீரிமலைப் பக்கங்களில் உயர்ந்து, தெற்கே கடனீரேரியை நோக்கிச் சரிகின்றது. உயர்ந்த இடமும் கடல்மட்டத்திற்கு மேல் 10 முதல் 15 மீற்றரே. இச்சிறு சரிவே மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றை அராலிக் கடல்வரை நடத்துகின்றது. கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்னும் பெயர்களில் வரும் 'வில்' நீர்நிலையைக் குறிக்கும் என்பர். முன்னோர் பள்ளமறிந்து பெயரிட்டனர் போலும்.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாட்கள் உலகைச் சுற்றி, ராடர் அலைகளால் நிலத்தின் உயரத்தை அளந்தது. 30 மீற்றருக்கு ஒன்றாக அமைந்த அவ்விலக்கமுறைத் தரவுகளை இன்று எம்மாணவரும் விலையின்றிப் பெற்றுக் கணினியிற் படமாக்கலாம். மலைநாட்டுப் படத்திற்குரிய நிழற்கோலம் இங்கே பயன்தராது. மீற்றருக்கு ஒரு வண்ணமாகத் தீட்டினாலே எம் நிலத்தின் சரிவும் தரவைகளும் புலப்படும்.

எனினும் படத்தை வேதவாக்காகக் கொள்ளலாகாது. ராடர் அலை வெறுந்தரையை மட்டும் காண்பதன்று. பனங்கூடலும் மாடிவீடும் அதற்கு மேடாகவே தோன்றும். சில மீற்றர் பிழை கண்டி மலைக்குப் பொருட்டன்று. எமக்கோ அப்பிழை முழுமேட்டையும் விழுங்கவல்லது. மேலும், அத்தரவு எழுந்தபின் நகரின் தோற்றமே மாறிவிட்டது.

2008ஆம் ஆண்டு நவம்பரில் நிசா புயல் கொணர்ந்த வெள்ளத்தை எவர் மறப்பர்? பெருகும் குடிகளுக்கு வீடு வேண்டுமன்றோ எனின், வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் ஒருவர் மண்ணிட்டுத் தம் வளவை உயர்த்தினால், அயலவர் வளவு குளமாகின்றது. குளமும் வெள்ளவாய்க்காலும் தூர்ந்தால், நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீருக்கு ஊறும் வழியும் குன்றுகின்றது. இன்று வெள்ளத்தால் வருந்துபவர் நாளை கிணற்றில் உப்பை உண்பர்.

ஆதலின், எம் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கட்டடம் எழுப்புதல் நன்றே. அதனோடு மட்டம் பார்க்கும் கருவியொன்றும் கல்லூரிக்கு ஈக. புவியியல் மாணவர் விண்தந்த படத்தைக் கையிலேந்தி, தெருத்தெருவாக மட்டம் பார்த்து, வெள்ளம் நின்ற எல்லையை முதியோரிடம் கேட்டுக் குறித்து அதனைத் திருத்துவாராக. அங்ஙனம் திருத்திய படம் மாநகரசபையின் மேசைக்குச் செல்லுமாயின், எந்நிலத்தில் வீடு எழலாம், எந்நிலத்தை நீருக்கு விடல் வேண்டும் என்பது வழக்காடாமலே விளங்கும். கற்ற கல்வி பிறந்த மண்ணுக்குச் செய்யும் கைம்மாறு இதனினும் வேறுண்டோ?