சர்க்கரைப் பலகை முதல் மஞ்சள் கோடு வரை: மாஹிம், தாராவி பள்ளிகளுக்கு ஆணைகள் மட்டும் போதுமா?

மும்பை: பள்ளி மாணவர்களின் உணவு, உறக்கம், புகையிலைத் தவிர்ப்பு ஆகியவை தொடர்பாக மத்திய, மாநில அரசுகள் பிறப்பித்துள்ள விதிகளுக்குப் பஞ்சமில்லை. கடந்த சில ஆண்டுகளில் மட்டும் அரை டஜனுக்கும் மேற்பட்ட ஆணைகள் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்துள்ளன. ஆனால் மாஹிம், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற நெரிசலான பகுதிகளில் அவற்றை நிறைவேற்றும் பொறுப்பு இறுதியில் தலைமையாசிரியரின் தலையில்தான் விழுகிறது. அதற்குரிய ஆளும் நேரமும் நிதியும் உடன் வருகின்றனவா என்பதே இப்போது எழும் கேள்வி.

நோயின் தொடக்கம் பள்ளி வயதில்

மும்பை மாநகராட்சி உலக சுகாதார நிறுவனத்துடன் இணைந்து 2021-ல் நடத்திய ஆய்வில், நகரில் 18 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் 34 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தமும், 18 சதவீதத்தினருக்கு நீரிழிவு நோய்க்குரிய சர்க்கரை அளவும் இருப்பது தெரியவந்தது. இந்நோய்களுக்கான பழக்கங்கள் இளம் வயதிலேயே வேரூன்றுகின்றன. 2016 முதல் 2018 வரை நடத்தப்பட்ட தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வின்படி, நாட்டின் வளரிளம் பருவத்தினரில் சுமார் 10 சதவீதத்தினர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தனர்.

புகையிலைப் பழக்கத்திலும் இதே நிலைதான். 2019-ம் ஆண்டின் உலக இளையோர் புகையிலை ஆய்வில், இந்தியாவில் 13 முதல் 15 வயதுடைய மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவது கண்டறியப்பட்டது. மெல்லும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்து வயது நிறைவடைவதற்கு முன்பே அதைத் தொடங்கியவர்கள். அதாவது, தடுப்பு முயற்சி நான்காம் வகுப்புக்குள் மாணவரைச் சென்றடைந்தாக வேண்டும்.

குவிந்து கிடக்கும் ஆணைகள்

2003-ம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள்கள் விற்பதைத் தடை செய்கிறது. அந்த எல்லையை மஞ்சள் கோட்டால் குறிக்க வேண்டும் என்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2019 வழிகாட்டுதல்கள். மகாராஷ்டிரத்தில் குட்காவுக்கு 2012 முதலே தடை உள்ளது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது. அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரு ஆசிரியர்கள் நலத் தூதர்களாகச் செயல்பட்டு, வாரம் ஒரு மணி நேரம் 11 கருப்பொருள்களில் வகுப்பு நடத்த வேண்டும் என வகுத்தது.

2024-ல், நான்காம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குக் காலை 9 மணிக்கு முன் வகுப்புகள் தொடங்கக் கூடாது என மகாராஷ்டிர அரசு அறிவித்தது. குழந்தைகளின் உறக்கக் குறைவே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2025 மே மாதத்தில், உணவிலுள்ள சர்க்கரையின் அளவை விளக்கும் 'சர்க்கரைப் பலகை'களை வைக்குமாறு சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளைப் பணித்தது. 4 முதல் 10 வயதுக் குழந்தைகள் பெறும் ஆற்றலில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயதினருக்கு 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருவதாகவும், பரிந்துரைக்கப்படும் அளவு 5 சதவீதமே என்றும் அச்சுற்றறிக்கை சுட்டிக்காட்டியது.

எனினும் அச்சுற்றறிக்கை சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கே உரியது. மும்பை மாநகராட்சி தமிழ், மராத்தி, உருது உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றில் பெரும்பாலானவை மாநில வாரியத்தைச் சார்ந்தவை. ஒரே தெருவில் வசிக்கும் இரு குழந்தைகளில் ஒருவரின் பள்ளிக்கு அச்சுற்றறிக்கை பொருந்தும், மற்றவரின் பள்ளிக்குப் பொருந்தாது என்ற நிலை இதனால் உருவாகிறது.

ஆறரை ஏக்கர் கணக்கு

விதிகளுக்கும் களத்துக்கும் இடையிலான தூரத்தை மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கே தொடங்கும் தாராவியில் அளந்து பார்க்கலாம். 100 கஜம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். பள்ளி வாயிலை மையமாக வைத்து அந்த அளவில் வட்டமிட்டால், சுமார் ஆறரை ஏக்கர் நிலம் அதற்குள் அடங்கும். ஏறத்தாழ இரண்டரை சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாராவியில், குறைந்த மதிப்பீட்டின்படியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். இந்தச் சராசரிப்படி, அந்த வட்டத்துக்குள் மட்டும் ஆறாயிரம் பேர் வசிப்பர். அவர்களது மளிகைக் கடையும், பான் கடையும், வடா பாவ் வண்டியும் அதற்குள்ளேயே இருக்கும்.

புறநகர்ப் பள்ளி ஒன்றின் வாயிலில் மஞ்சள் கோடு வரைவது எளிது. இங்கே அந்தக் கோடு வீடுகளின் நடுவே செல்லும். ஐந்து ரூபாய்க்குச் சிப்ஸ் பொட்டலமும் இனிப்புப் பாக்கும் விற்கும் கடைக்காரர், அதே பள்ளியில் படிக்கும் குழந்தையின் தந்தையாகவும் இருக்கலாம். காலையில் வேலைக்குப் புறப்படும் பெற்றோர் சமைக்க நேரமின்றிக் கையில் கொடுத்தனுப்பும் பத்து ரூபாயே பல குழந்தைகளுக்குக் காலை உணவு. அந்தச் சூழலில், தின்பண்டம் தீது என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதால் மட்டும் பயனில்லை.

நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் பலரிடம் சிதறிக் கிடக்கிறது. தெருவோர வணிகத்தை ஒழுங்குபடுத்துவது மாநகராட்சியின் வார்டு அலுவலகம். உணவு விதிகளை அமல்படுத்துவது மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகம். பள்ளி அருகே புகையிலை விற்றால் காவல்துறையை நாட வேண்டும். அதற்குப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். தாராவியும் மாஹிமும் ஜி வடக்கு வார்டில் உள்ளன. மாட்டுங்கா கிழக்கு எஃப் வடக்கிலும், செம்பூர் எம் மேற்கிலும் அடங்கும். தலைமையாசிரியருக்கு இவற்றில் எந்த அலுவலகத்தின் மீதும் அதிகாரம் இல்லை.

முட்டை தந்த பாடம்

நிதியின்றிப் பிறக்கும் ஆணை எங்கு சென்று முடியும் என்பதை மகாராஷ்டிரத்தின் மதிய உணவே காட்டியது. 2023 நவம்பரில், வாரம் ஒரு முறை முட்டை அல்லது வாழைப்பழம் வழங்க மாநில அரசு முடிவு செய்தது. அடுத்த ஆண்டு, முளைகட்டிய பயறும் இனிப்பும் அடங்கிய விரிந்த உணவுப் பட்டியலும் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட தொகை போதவில்லை என ஆசிரியர்கள் முறையிட்டனர். 2025 ஜனவரியில் முட்டைக்கான சிறப்பு நிதி நிறுத்தப்பட்டது. விரும்பும் பள்ளிகள் பொதுமக்களின் நன்கொடையைத் திரட்டி முட்டை வழங்கலாம் எனக் கூறப்பட்டது. வசதியுள்ள ஊரில் நன்கொடை கிடைக்கும். முட்டை மிகவும் தேவைப்படும் ஊரில் அதைத் தருவதற்கு ஆள் இருக்காது.

தமிழகத்தின் காலை உணவுத் திட்டம் இதற்கு நேர்மாறான அனுபவத்தைத் தருகிறது. 2022 செப்டம்பர் 15-ல் 1,545 அரசுப் பள்ளிகளில் தொடங்கிய இத்திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் 31,008 பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. எந்தக் கிழமைக்கு எந்த உணவு என்ற பட்டியல், சமைப்பதற்கு மகளிர் சுயஉதவிக் குழுக்கள், செயலி வழியிலான கண்காணிப்பு, அரசின் நேரடி நிதி ஆகியவை முன்கூட்டியே வகுக்கப்பட்டன. சமைக்கும் சுமையை ஆசிரியர்கள் மீது ஏற்றவில்லை. காலையில் உண்ண வேண்டும் என்று குழந்தைக்கு அறிவுரை கூறுவதற்குப் பதிலாக, உண்பதற்கான உணவு பள்ளிக்கே வந்தது.

பள்ளிக்குத் தேவை துணை

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர் லூக் வுல்ஃபென்டன் தலைமையிலான குழு, இப்பொருளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் காக்ரேன் அமைப்பின் வாயிலாக மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, நேரில் வழிகாட்டல், தேவையான பொருள்கள், செயல்பாடு குறித்த பின்னூட்டம் போன்ற துணை கிடைக்கும் பள்ளிகளில் நலத் திட்டங்கள் நடைமுறைக்கு வருவது பெருமளவு கூடக்கூடும் என்பதே அதன் முடிவு. மாணவர்களின் உணவிலும் உடல் இயக்கத்திலும் தென்பட்ட மாற்றம் சிறியது என்றும் அக்குழு பதிவு செய்தது. அவ்வாய்வுகளில் பெரும்பாலானவை செல்வ நாடுகளில் நடந்தவை. எனவே அவற்றை அப்படியே தாராவிக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும், ஆணை அனுப்புவது வேறு, ஆணையை நிறைவேற்றத் துணை நிற்பது வேறு என்ற வேறுபாடு இங்கும் பொருந்தும்.

அத்தகைய துணைக்கு மும்பையில் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2002 முதல் இயங்கும் சலாம் பாம்பே அறக்கட்டளை, மாநகராட்சிப் பள்ளி மாணவர்களிடையே புகையிலைத் தவிர்ப்புப் பணியைச் செய்துவருகிறது. 1999-ல் உருவான ஸ்நேகா அமைப்புக்குத் தாராவியில் தாய் சேய் ஊட்டச்சத்துப் பணியில் நீண்ட அனுபவம் உண்டு. சயான் மருத்துவமனையின் நகர்ப்புற நல மையமும் தாராவியிலேயே உள்ளது. பள்ளிகளை இவற்றுடன் முறையாக இணைக்கும் பொறுப்பை ஒவ்வொரு வார்டிலும் ஓர் அலுவலரிடம் ஒப்படைத்தால், தலைமையாசிரியர் மூன்று துறைகளுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க நேராது.

வேறு சில தேவைகள் செலவு மிகாதவை. சர்க்கரைப் பலகை வைக்கும் பள்ளிகளில் அது குழந்தையின் பயிற்று மொழியில் இருக்க வேண்டும். 300 மில்லி லிட்டர் குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம், அதாவது ஏழு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை உள்ளது என்பதைத் தமிழிலோ மராத்தியிலோ படிக்கும் குழந்தை, அதை வீட்டுக்கும் எடுத்துச் செல்லும். நலத் தூதர்களாகும் ஆசிரியர்களின் வாராந்திர ஒரு மணி நேரம் பாடவேளை அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் தேர்வுக் காலத்தில் முதலில் பறிபோவது அதுவே. கேரளம் 2019-ல் தொடங்கிய, குழந்தைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணி போன்ற எளிய முயற்சிக்கும் தூய குடிநீரும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் முன்நிபந்தனைகள். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் மாணவிகள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பார்கள்.

சிறு கடைக்காரர்களைப் பகைவர்களாகக் கருதாத அணுகுமுறையும் இன்றியமையாதது. புகையிலையையும் இனிப்புப் பாக்கையும் விலக்குவதில் சமரசத்துக்கு இடமில்லை. சிறாருக்குப் புகையிலை விற்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க 2015-ம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் தின்பண்டம் விற்பவரை விரட்டினால் அவர் அடுத்த சந்தில் கடை விரிப்பார். வேகவைத்த கடலை, வாழைப்பழம், மோர் ஆகியவற்றை விற்க அவருக்கு உரிமமும் இடமும் கிடைத்தால், குழந்தையின் கையிலுள்ள பத்து ரூபாய்க்கு வேறு பொருள் கிடைக்கும்.

ஆணைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பார்த்தால், மாஹிம், தாராவி பள்ளிகள் எதிலும் பின்தங்கியவை அல்ல. அடுத்த ஆணை வருவதற்கு முன், நலத் தூதருக்கான அந்த ஒரு மணி நேரம் எத்தனை பள்ளிகளின் அட்டவணையில் உண்மையாகவே உள்ளது என்பதைக் கல்வித் துறை வார்டு வாரியாகக் கணக்கிட்டு வெளியிடலாம். பெற்றோர் தம் பிள்ளையின் பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே.