தைத்துக் கொடுக்கவும் கற்றுக் கொடுக்கவும்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து லெபு பாசாருக்குள் திரும்பினால் சேலைக் கடைகள், துணிக் கடைகள், தையல் கடைகள். தையற்காரரின் காலடியில் விழும் வெட்டுத் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் போர்வைதான் நினைவுக்கு வரும். துண்டுகளை இணைத்து மேல்துணியாக்கி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அதுதான் குவில்ட்.

நம் ஆட்களுக்கு இது அந்நியமல்ல. பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பில் தூங்கிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கையால் தைத்துக் ‘கவந்தி’ செய்கிறார்கள். நான்கு மூலையிலும் ‘பூ’ என்ற மடிப்புத் துண்டு இல்லாவிட்டால் அது முழுமையாகாது.

கையால் தைத்தால்தான் உண்மையான போர்வை, மெஷினில் தைப்பது ஏமாற்று வேலை என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவின் ஹாரியட் ஹார்கிரேவ் அதை ஏற்கவில்லை. வீட்டிலுள்ள மெஷினிலேயே நுணுக்கமாகத் தைக்கலாம் என்று கற்பித்தார். 1987இல் அதை நூலாகவும் வெளியிட்டார். 1989இல் கென்டக்கியின் பதுக்கா நகரில் நடந்த பெரிய போட்டியில் கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் மெஷின் போர்வை முதல் பரிசு பெற்றது. அங்கே மெஷின் தையலுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. சூரிய கிரகணம்தான் அதன் கருப்பொருள். சர்ச்சை எழாமலா இருக்கும்?

மெஷின் தானாகத் தைத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். வளைவுகள் போட வேண்டுமானால், துணியைத் தள்ளும் பற்களைக் கீழே இறக்கிவிட வேண்டும். பிறகு துணியை நகர்த்துவது உங்கள் இரு கைகள்தான். கை விரைந்தால் தையல் நீளும், தயங்கினால் நூல் ஒரே இடத்தில் குவியும். காலுக்கும் கைக்கும் இந்த ஒத்திசைவு வர வாரக்கணக்கில் பழக வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லிக் கொடுத்தால் சீக்கிரம் வரும்.

கணக்கும் உண்டு. 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விட்டு இணைத்தால் ஒவ்வொன்றும் 4.5 அங்குலமாகும். வரிசைக்கு 8 வீதம் 8 வரிசை, மொத்தம் 64 துண்டுகள். ஒரு குழந்தைக்கான 36 அங்குலப் போர்வை தயார். பினாங்கு வெயிலில் போர்வையா என்று சிரிக்காதீர்கள். மருத்துவமனை வார்டின் குளிரில் படுத்திருக்கும் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் கேரன் லௌக்ஸ் என்பவர் 1995இல் அதைத்தான் யோசித்தார். புற்றுநோய் சிகிச்சையின்போது தன் போர்வையைப் பிடித்துக்கொண்டே தாங்கிய ஒரு சிறுமியைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, போர்வைகள் தைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அதுவே ‘புராஜெக்ட் லைனஸ்’. எப்போதும் போர்வையோடு திரியும் கார்ட்டூன் சிறுவனின் பெயர் அது. இப்படிக் கொடுக்க நினைப்பவருக்கு மெஷின்தான் துணை. கையால் ஒன்று முடிக்கும் நேரத்தில் அதில் பல முடியும்.

தையல் என்றால் படிப்பு ஏறாதவர்களுக்கு என்று நம் வீடுகளில் இன்னமும் பேசுகிறோம். எஸ்பிஎம் எழுதும் பிள்ளை மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அம்மாவுக்கே பதற்றம். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அளவு, பொறுமை, பிழை கண்டால் பிரித்துத் தைக்கும் மனம் எல்லாம் ஆய்வுக்கூடத்திலும் வேண்டியவைதானே! புறப்பாட நடவடிக்கைக்காக ஆண்டுதோறும் நன்கொடைக் காசோலையைப் பெரிய அட்டையில் அடித்துப் படம் எடுக்கும் கழகங்கள், ஆறு மாதம் தைத்துப் பத்துப் போர்வை கொடுக்கலாம். படம் வேண்டாம். பெற்றுக்கொள்ளும் குழந்தைக்கு உங்கள் பெயர் தேவையில்லை.

வீட்டு மூலையில் பாட்டியின் சிங்கர் மெஷின் இருந்தால் முதலில் எண்ணெய் போடுங்கள். ஊசியை மாற்றுங்கள். பாட்டி இருந்தால், நூல் கோக்க அவரிடமே கேளுங்கள். அக்கம்பக்கத் தையல் கடையில் கேட்டால் ஒரு பை வெட்டுத் துண்டு கிடைக்கும்.