புதன்கிழமை மீன் குழம்பு



மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்று நம் வீடுகளில் எப்படியோ முடிவாகிவிட்டது. கடற்கரை ஊர்க்காரர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்கு மீன் இல்லாத நாள்தான் விசேஷ நாள். மதுரை, கோவை, சேலம் போன்ற ஊர்களிலும், சென்னையின் அடுக்குமாடி வீடுகளிலும்தான் இந்த வழக்கம். ஞாயிறு காலை சந்தைக் கூட்டத்தில் நின்று, வஞ்சிரம் விலையைக் கேட்டு மலைத்து, அரை கிலோ வாங்கி வந்து பெரிய சமையலாகச் செய்கிறோம். வார நாளில் வேலை முடிந்து அலுப்போடு வீடு திரும்பினால் ரசமும் முட்டையும். அதுவும் முடியாவிட்டால் கடை பரோட்டா.

உண்மையில் அலுத்துத் திரும்பும் அந்த நாளுக்குத்தான் மீன் பொருத்தம். மீனின் தசை இழைகள் குட்டையானவை; ஆட்டுக்கறியை இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புத் திசு மீனில் மிகக் குறைவு. அதனால்தான் கறிக்குக் குக்கரில் ஐந்தாறு விசில் வேண்டியிருக்க, மத்தி ஐந்து நிமிடத்தில் வெந்துவிடுகிறது. சோறு வேகும் நேரத்தில் குழம்பும் தயாராகிவிடும்.

செலவு அதிகமாகுமே என்றால், எந்த மீனை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது. வஞ்சிரம், வவ்வால், கொடுவா ஆகியவற்றை விசேஷ நாட்களுக்கு விட்டுவிடலாம். மத்தி, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி ஆகியவைதான் வார நாளின் மீன்கள். தெற்கே மத்தியைச் சாளை என்பார்கள், கானாங்கெளுத்தியை அயிலை என்பார்கள். விலை குறைவு என்பதாலேயே இவற்றைச் சிலர் மட்டமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மத்தியில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பும் வைட்டமின் டியும் விலை உயர்ந்த பல மீன்களில் அந்த அளவு இல்லை. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. சிறிய மீன்கள் என்பதால், சுறா போன்ற பெரிய மீன்களின் உடலில் சேர்வது போல இவற்றில் பாதரசமும் சேர்வதில்லை. இவ்வளவு நல்ல மத்தியில் ஒரு பங்கு தீவன ஆலைக்குப் போய் மாவாகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். மத்தியும் அயிலையும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். உடம்பில் தடிப்பும் தலைவலியும் வருவது அதனால்தான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. எனவே ஐஸில் புதைத்து வைத்திருப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழ வேண்டும். மாலையில் நல்ல மீன் கிடைக்காத ஊர் என்றால், ஞாயிறு சந்தையிலேயே கூடுதலாக அரை கிலோ மத்தி வாங்கிச் சுத்தம் செய்து, உப்பும் மஞ்சளும் தடவி, மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். புதன்கிழமை காலை கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனால் மாலைக்குள் பதமாகிவிடும்.

இனி அடுப்படிக்கு வருவோம். நான்கு பேருக்கு அரை கிலோ மத்தி போதும். உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு: குக்கரில் அரிசி, வெந்நீரில் எலுமிச்சை அளவு புளி. பிறகு சட்டியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, அரை டீஸ்பூன் வெந்தயத்தைப் போடுங்கள். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டிக் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். அந்த அரை நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கறிவேப்பிலை, இரண்டு தக்காளி வதங்கியதும் இரண்டு மேசைக்கரண்டி குழம்பு மிளகாய்த் தூள், உப்பு, புளிக்கரைசல். தேங்காய் அரைக்க வேண்டாம். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் மன்னிக்கவும், அந்த அருமையான குழம்பை ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்ளலாம்.

குழம்பு பச்சை வாசனை போகக் கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இந்தப் பொறுமைதான் மீன் குழம்பின் ருசி. அதற்கு முன் மீனைப் போட்டால் குழம்பும் சேராது, மீனும் குழைந்துவிடும். எண்ணெய் பிரிந்த பிறகு மத்தியை ஒவ்வொன்றாக இறக்கி, தீயைக் குறைத்து, ஐந்து நிமிடம். கரண்டி போடக் கூடாது. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். இறக்கிய பின் ஒரு கரண்டி பச்சை நல்லெண்ணெயும் கொஞ்சம் கறிவேப்பிலையும் போட்டு மூடிவிடுங்கள். குழம்பு கொதிக்கும்போதே பக்கத்து அடுப்பில் நான்கு மத்தியை மிளகாய்த் தூள் தடவித் தோசைக்கல்லில் போட்டுவிட்டால் தொட்டுக்கொள்ளவும் ஆயிற்று. மீதிக் குழம்பைச் சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து இட்லிக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

முள்ளுக்குப் பயந்து பிள்ளைகளுக்குச் சின்ன மீன் தராத அம்மாக்கள் பலர். வெந்த மத்தியின் முதுகுப் பக்கம் கட்டைவிரலை ஓட்டினால் சதை இரண்டாகப் பிரியும். தலைப்பக்கம் நடுமுள்ளைப் பிடித்து மெல்லத் தூக்கினால் சீப்பு மாதிரி முழுதாக வந்துவிடும். விலா ஓரத்தில் மிஞ்சும் சிறு முட்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு ஊட்டுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை என்றால் அதன் கையிலேயே கொடுத்துப் பழக்குங்கள். ஒரு மாதத்தில் நம்மைவிட நேர்த்தியாகப் பிரிக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது மீனே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. கரையோரம் போய் அன்றைக்கே திரும்பும் அந்தப் படகுகளில் வருவது பெரும்பாலும் சின்ன மீன்கள்தான். நாள் கணக்கில் ஐஸில் கிடக்காதவை. அவற்றைக் கூடையில் சுமந்து தெருவுக்கு வரும் அம்மாவிடம் வாங்கினால், அந்தக் காசு ஒரு சிறிய மீனவக் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். அவரிடம் பேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரும் புதன்கிழமை ஒரு முறை செய்து பாருங்கள். உங்கள் ஊரில் நெத்திலியையோ சாளையையோ காரப்பொடியையோ அரை மணி நேரத்தில் சமைக்கும் முறை இருந்தால், ஆன செலவையும் குறித்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்து வரும் இதழ்களில் உங்கள் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்