மெமரி கார்டில் பொடி எழுத்தில் இருக்கும் எண்

கடையில் ஒரு எஸ்டி கார்டைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது, விநாடிக்கு 200 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம். கார்டிலிருந்து கணினிக்குப் படங்களை ஏற்றும்போது கிடைக்கிற வேகம் அது. அதாவது படிக்கும் வேகம். படம் எடுக்கிறவருக்கு வேண்டியதோ எழுதும் வேகம். அதை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்துகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது. 45 மெகாபிக்சல் கேமராக்கள் கல்யாண மண்டபம் வரை வந்துவிட்டன. வாங்குபவரின் கவனத்தை வேறு பக்கம் இழுக்கும் இந்த அச்சு முறையை நிறுவனங்கள் இன்னும் வைத்திருப்பது நியாயமல்ல.

அந்த 200 கூட எல்லோருக்கும் கிடைப்பதில்லை. யுஎச்எஸ்-1 வகைக் கார்டுகளுக்கு எஸ்டி சங்கத்தின் தரம் வகுத்துள்ள உச்ச வரம்பே விநாடிக்கு 104 எம்பிதான். அதற்கு மேல் போவது தயாரிப்பாளர் சொந்தமாகச் சேர்த்த வசதி; அதற்குப் பொருத்தமான கார்டு ரீடர் இருந்தால்தான் பலிக்கும். கேமராவுக்குள் போனதும் அந்தக் கார்டு பழைய வரம்புக்குள் அடங்கிவிடும்.

நம்பக்கூடிய குறி ஒன்று உண்டு. வி என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி 30, 60, 90 என்று சிறியதாக அச்சிட்டிருப்பார்கள். எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதினாலும் விநாடிக்கு அத்தனை எம்பிக்குக் கீழே வேகம் இறங்காது என்ற உத்தரவாதம் அது. கார்டைத் திருப்பிப் பார்த்தால் இன்னொரு தடயம் கிடைக்கும். பொன்னிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையாக இருந்தால் யுஎச்எஸ்-1. கீழே இரண்டாவது வரிசையும் இருந்தால் விநாடிக்கு 312 எம்பி வரை அனுமதிக்கும் யுஎச்எஸ்-2. விலையும் அதற்கேற்ப ஏறும்.

அந்த விலை எதற்கு என்பது கெட்டிமேளம் கொட்டும்போது தெரியும். 2020-ல் வந்த கேனான் ஆர்5, மெக்கானிக்கல் ஷட்டரில் விநாடிக்கு 12 படம் எடுக்கும். ஒரு ரா ஃபைல் சுமார் 45 எம்பி. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடும் ஐந்து விநாடியில் பட்டனை அழுத்திப் பிடித்தால் 60 படம், ஏறத்தாழ 2,700 எம்பி. அத்தனையும் முதலில் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபரில் தங்கி, அங்கிருந்து கார்டுக்கு இறங்க வேண்டும். விநாடிக்கு 90 எம்பி எழுதும் கார்டென்றால் இறங்கி முடிய அரை நிமிடம். 250 எம்பி எழுதும் யுஎச்எஸ்-2 கார்டென்றால் 11 விநாடி. பல குடும்பங்களில் மீதி முடிச்சுகளை நாத்தனார் போடுவார். அட்சதை பறப்பதும் அப்போதுதான். மெதுவான கார்டைப் போட்டிருப்பவர் அடுத்த தொடரை அழுத்தும்போது பஃபர் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கேமரா விட்டு விட்டுத்தான் படம் எடுக்கும். யாரையும் இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது.

வீடியோவில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. கேமராக்காரர்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், கார்டுக்காரர்கள் மெகாபைட்டில். எட்டால் வகுத்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். அதே ஆர்5-ன் 8கே ரா வீடியோவுக்கு விநாடிக்குச் சுமார் 2,600 மெகாபிட், அதாவது 325 எம்பி வேண்டும். யுஎச்எஸ்-2-ன் உச்ச வரம்பையே அது தாண்டுவதால் அந்தக் கேமராவில் எந்த எஸ்டி கார்டுக்கும் அது முடியாது. சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகைக் கார்டு கட்டாயம்.

வேகத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: இரண்டு ஸ்லாட். 2018-ல் நிகான் இசட்7, கேனான் ஈஓஎஸ் ஆர் இரண்டும் ஒற்றை ஸ்லாட்டோடு வந்தபோது தொழில்முறைக் கலைஞர்கள் கடுமையாகக் குறைபட்டுக்கொண்டார்கள். 2020-ல் வந்த இசட்7 II-ல் இரண்டு ஸ்லாட் வைக்கப்பட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டும் ஒருநாள் திடீரென்று கெட்டுப்போகலாம். ஆகவே ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி கேமராவை அமைத்துக்கொள்வதே முறை. ஆல்பத்தின் தாள், ட்ரோன், எல்இடி திரை என்று எல்லாவற்றையும் விசாரிக்கும் வீட்டார், இதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. முதல் ஸ்லாட்டில் விலையுயர்ந்த சிஎஃப்எக்ஸ்பிரஸ், இரண்டாவதில் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு எஸ்டி என்று போட்டு இரண்டிலும் பதிவு செய்தால், மொத்த வேகமும் மெதுவான கார்டின் வேகத்துக்கு இறங்கிவிடும். கொள்ளளவைக் குறைத்தாவது எஸ்டியையும் நல்லதாக வாங்குவதே சரி. ஆர்5-ல் 128 ஜிபிக்கே 2,700-க்கும் மேற்பட்ட ரா படங்கள் பிடிக்கும்.

போலிகள் தனித் தொல்லை. ஆண்ட்ரூ ஹுவாங் என்ற வன்பொருள் பொறியாளர், தன் நிறுவனத்தின் தயாரிப்புக்கு வந்த மைக்ரோ எஸ்டி கார்டுகள் பழுதானதும் சீனச் சந்தையில் பல கார்டுகளை வாங்கி, உடைத்து, உள்ளிருக்கும் சிப்புகளை ஆராய்ந்து 2010-ல் விவரங்களை வெளியிட்டார். கார்டுக்குள் ஒரு குட்டிக் கணினியே இருப்பதையும் அதன் நிரலை மாற்ற முடியும் என்பதையும் 2013-ல் ஹாம்பர்க்கில் நடந்த மாநாட்டில் தன் சகாவுடன் காட்டினார். 32 ஜிபி கார்டு தன்னை 512 ஜிபி என்று சொல்லிக்கொள்ள முடிவது இதனால்தான். கேமரா அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். 32 ஜிபிக்குப் பிறகு எழுதியது எதுவும் நிலைக்காது. எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச நிரல்கள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புதுக் கார்டை முகூர்த்தத்துக்கு எடுத்துப் போகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

படம் தெரியவில்லை, கார்டு பழுது என்று திரையில் வந்தால் அந்தக் கணமே கார்டை வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். ஃபார்மேட் செய்யவா என்று கேமரா கேட்டால் சம்மதிக்கக் கூடாது. கோப்புப் பட்டியல் சிதைந்தாலும் படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் தேடி எடுக்கும். அதே கார்டில் மேலும் படம் எடுத்து, பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிட்டால் அந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.