பிள்ளை பார்க்கும் வீட்டுக்கும் ஒரு பேரேடு



நமது இதழில் சரக்கு விலை, வரி, லைசென்சு, தராசு முத்திரை என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை, குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றி எழுதுகிறேன். மளிகைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் நம் கல்லாப்பெட்டி வரை வருகிறது.

என் கடை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைப் பக்கம். பில் போடவும் பொட்டலம் கட்டவும் ஆறு வருஷமாக ஒரு பெண் இருந்தார். எந்தச் சரக்கு எந்தத் தட்டில், எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிரசவத்துக்குப் பிறகு, ஒன்றரை வயதுக் குழந்தையை இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மாவின் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஆடி மாதத்தில் ஒரு நாள், "முதலாளி, நாளையிலேருந்து வர முடியாதுங்க. புள்ளை பாத்துக்கிற அம்மா நிறுத்திட்டாங்க" என்றார். வேறு இடம் தேடியும் கிடைக்கவில்லை. அவர் இடத்தில் அடுத்தடுத்து இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். எடையில் பிசகு, பில்லில் பிசகு. பழைய வாடிக்கையில் சிலர் முகம் சுளித்தார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நானும் என் மனைவியும் இரவு பதினோரு மணி வரை கல்லாவில் நின்றோம்.

பிள்ளை பார்த்த அந்த அம்மா ஏன் நிறுத்தினார்? அவரும் நம் கடை வாடிக்கைதான். 4,300 ரூபாய் பாக்கி இருந்தது. அதைக் கேட்கப் போன இடத்தில், பேச்சு வளர்ந்து, இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஆறு குழந்தைகள், மாதம் தலைக்கு 2,500. ஆக வரவு 15,000 ரூபாய். இனி செலவு. பால், பிஸ்கட், மதியச் சோறு எல்லாம் சேர்த்து ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 35 ரூபாய். 26 நாளைக்கு ஆறு குழந்தைகளுக்கு 5,460. கூடமாட இருந்த பெண்ணுக்குச் சம்பளம் 4,000. மின்சாரம், காஸ், சோப்பு, பினாயில் 1,500. வீட்டு வாடகை 8,000. பாதி வீடு, பாதி நாள் குழந்தைகளுக்கே போகிறது என்பதால் அதில் கால் பங்கு 2,000. மொத்தம் 12,960. மிச்சம் 2,040 ரூபாய். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை பாடுபட்டு, மணிக்கு ஏழு ரூபாய். இதில் ஒரு வீட்டார் ஒரு மாதப் பணத்தை இழுத்தடித்தால் 2,500 போச்சு. அந்த மாதம் முழுவதும் நஷ்டம். அவருக்கு இரண்டு வீட்டார் பாக்கி வைத்திருந்தார்கள்.

"மாசம் பதினஞ்சாயிரம் வருதேன்னு நினைச்சேன் அண்ணே. கையில ஏன் நிக்கலைன்னுதான் புரியலை" என்றார்.

நமக்குப் புரிகிறது. கல்லாவும் வீட்டுச் செலவு டப்பாவும் ஒன்றாக இருந்தது முதல் தப்பு. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60-க்கு ஏறியபோதும் கட்டணத்தை ஏற்றாமல் இருந்தது இரண்டாவது. வேலை முடிந்த பிறகு பணம் என்று கடன் சொல்ல விட்டது மூன்றாவது. நம்மில் எத்தனை பேருடைய தகப்பனார் கடை இந்த மூன்றினால் படுத்தது! நாம் அடிபட்டுக் கற்றோம். அந்த அம்மாவுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

அங்கன்வாடி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு காந்தி ஜெயந்தியன்று தொடங்கியது. சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்ததே நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான், 1982 ஜூலை 1 அன்று. இவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் அங்கே போய் உட்காரும் வயது இரண்டுக்கு மேல். மையம் பிற்பகலோடு மூடிவிடும். என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிறது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். நம் கடைகளில் நான்கு பேர், ஆறு பேர். அந்தச் சட்டம் நம்மைத் தொடாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நாற்காலி வாங்கிப் போட்டோம். அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் பிள்ளையை எங்கே விடுவது? பெரும்பாலும் பக்கத்துத் தெரு அம்மாவிடம்தான். அந்த வீடு நின்றால்தான் நம் கடையில் ஆள் நிற்கும்.

வெளியூர்களில் இதை ஒரு தொழிலாகவே மதிக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் வீட்டில் பிள்ளை பார்க்க 120 மணி நேரப் பயிற்சி கட்டாயம்; அதில் 80 மணி நேரத்தை முதல் குழந்தை வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டின் எவ்வளவு பரப்பு, எத்தனை மணி நேரம் குழந்தைகளுக்குப் பயன்பட்டது என்று விகிதம் போட்டு, அந்த அளவுக்கு வாடகையையும் மின்சாரச் செலவையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நாங்கள் கால் பங்கு வாடகை எழுதியதும் இந்த முறைதான். அவ்வளவு தூரம் போவானேன்? ஆமதாபாத்தில் இலா பட் அம்மையார் 1972-இல் தொடங்கிய சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கத்தின் காப்பகங்களை, அங்கே பிள்ளை பார்க்கும் பெண்களே 'சங்கினி' என்ற கூட்டுறவுச் சங்கமாக நடத்துகிறார்கள். காய்கறி விற்பவரும் பீடி சுற்றுபவரும் தம்மால் இயன்றதைக் கட்டணமாகத் தருகிறார்கள். ஒரு தொழிற்சங்கம் செய்ததில் ஒரு பங்கை வணிகர் சங்கம் செய்யக் கூடாதா?

"பிள்ளை வளர்ப்பது பாசம் சம்பந்தப்பட்டது. அதில் வியாபாரத்தைப் புகுத்தலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டுப்படியாகாத கடையில் தராசு நேராக நிற்காது என்பது நமக்குத் தெரியும். கணக்குத் தெரியாமல் நஷ்டப்படும் அம்மா ஆறு குழந்தைகள் இருந்த கூடத்தில் பத்தை உட்கார வைப்பார். பாலில் தண்ணீர் சேரும். உதவிக்கு வந்த பெண் நின்றுவிடுவார். கணக்கு சரியாக இருந்தால்தான் பாசத்தோடு பார்க்கவும் தெம்பு இருக்கும்.

எனவே நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. பகலில் அவர்களால் வர முடியாது. ஆகையால் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், சங்கக் கட்டிடத்தில் இரண்டிரண்டு மணி நேரம். சொல்லித்தருபவர்கள் நம் கணக்குப்பிள்ளைகளும் அனுபவஸ்தர்களும்.

முதல் வாரம் வரவு செலவு நோட்டு, இரண்டு டப்பா முறை. இரண்டாம் வாரம் அடக்க விலை போட்டுக் கட்டணம் வைப்பது. காந்தி மார்க்கெட்டில் வாழை இலை விற்பவருக்குத் தெரியும், நேற்று விற்காத இலை இன்று குப்பை என்று. காலியாகக் கிடக்கும் ஒரு குழந்தையின் இடமும் அப்படித்தான். பாட்டி ஊருக்குப் போனாலும் அந்த மாதத்துக்குப் பாதிக் கட்டணமாவது வர வேண்டும். மூன்றாம் வாரம் முன்பணம், தாமதமாக அழைத்துப்போனால் கூடுதல், லீவு நாள் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. நான்காம் வாரம் பதிவு, கடன். உத்யம் பதிவு இலவசம். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் பிணையில்லாமல் 50,000 ரூபாய் வரை கடன் பெற வழி இருக்கிறது. வேறென்ன பதிவு, பாதுகாப்பு விதிகள் தேவை என்று விளக்க ஓர் அரசு அலுவலரையும் அழைக்கலாம். அரிசி, பருப்பு, பிஸ்கட்டை இவர்களுக்கு மொத்த விலையில் தர நம் உறுப்பினர்கள் முன்வந்தால் அது தனி உதவி.

அந்த அம்மா தை மாதம் மறுபடி தொடங்கினார். ஐந்து குழந்தைகள், 3,300 வீதம், ஐந்தாம் தேதிக்குள் முன்பணம். உதவிப் பெண்ணுக்கு அரை நாள் வேலை, 3,000. செலவு போக 5,450 நிற்கிறது. பெரிய லாபம் என்று சொல்ல முடியாது; ஆனால் மாதா மாதம் நிற்கிறது. என் பாக்கியும் தவணையில் அடைந்துவருகிறது. நம் பெண் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஏறிய 800 ரூபாயை நான் கொடுக்கிறேன். ஆறு மாதம் நான் பட்ட நஷ்டத்தைப் பார்த்தால் அது அற்பம்.

ஆனால் ஒரு வீட்டாரால் 3,300 கொடுக்க முடியவில்லை. அந்தத் தாயும் ஒரு கடையில்தான் வேலை பார்த்தார். அந்தக் குழந்தையை இப்போது யார் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. கணக்குச் சொல்லித்தருவதோடு நம் கடமை முடியவில்லை என்பதை அது ஞாபகப்படுத்துகிறது. கைக்குழந்தை உள்ள ஊழியருக்கு மாதம் ஒரு சிறு தொகையை முதலாளி பகிர்ந்துகொள்வது பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

நிர்வாகிகள் இந்த இரண்டையும் அடுத்த செயற்குழுவில் வைக்க வேண்டுகிறேன். முதல் வகுப்புக்கு வேண்டிய நோட்டுகளை என் கடையிலிருந்து தருகிறேன். உங்கள் தெருவில் பிள்ளை பார்க்கும் அம்மா யார் என்று நாளைக்கே விசாரித்து வையுங்கள்.