படியளந்த தாத்தாவும் 'ஊர்' என்ற பொய்யும்

மதுரையைச் சுற்றியுள்ள ஆதிக்கச் சாதி வீடுகளில் தாத்தாக்களின் கதை ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில்தான் சொல்லப்படுகிறது. 'நம்ம தாத்தா எத்தனை குடும்பத்துக்குப் படியளந்தாரு தெரியுமா?' அளந்தது நெல்தான். ஆனால் அது வயலில் இறங்கி இருட்டும்வரை உழைத்தவர்களின் கூலி. கூலி என்று சொன்னால் 'எவ்வளவு கொடுத்தார்?' என்று கேட்கத் தோன்றும். படியளந்தார் என்றால் கும்பிடத்தான் தோன்றும்.

அதே கதையில் தாத்தா 'வந்தாரு'. அவரைவிட மூத்த பண்ணையாள் 'வந்தான்'. கதை கேட்கும் பிள்ளைக்குச் சாதியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, விகுதியே சொல்லிவிடுகிறது.

அடுத்து 'ஊர்'. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2006 வரை அங்கே முறையாகத் தேர்தல் நடக்க விடவில்லை. கேட்டால், 'ஊரே கூடி எடுத்த முடிவு' என்பார்கள். சேரி அந்த ஊரில் இல்லையா? உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவருக்கும் 'பாதுகாப்பு' என்றே பெயர் சொன்னார்கள். 2008 மே 6இல் அதன் ஒரு பகுதி இடிபடும்வரை அது பாதுகாத்தது சாதியைத்தான்.

மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு 2001இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுவித்தது. வீட்டுப் பேச்சில் இதுவும் 'அந்தக் கலவரம்' ஆகிவிடுகிறது. கலவரம் என்றால் இரு தரப்பும் அடித்துக்கொண்டதாகப் பொருள். வெட்டியது யார் என்ற கேள்வியே அதில் காணாமல் போகிறது.

'செத்துப்போன மனுசங்கள ஏன் இழுக்கிற?' என்பார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தை இன்றும் உழுகிறோம், வீட்டில் இன்றும் குடியிருக்கிறோம். சொத்து வேண்டும், அதன் கணக்கு மட்டும் வேண்டாமா?

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தது. நம் வீட்டுத் திண்ணைக்கு எந்த அரசாணையும் வராது. அங்கே திருத்த வேண்டியது நாம்தான், தோழர்களே. படி என்று சொன்னால் கூலி என்று சொல்லுங்கள். 'வந்தான்' என்றால் 'வந்தாரு' என்று திருத்துங்கள். கலவரம் என்றால் கொலை என்று சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்குச் சொந்தபந்தம் கூடும்போதே சொல்லுங்கள்.