சர்வர் பழசாக இருக்கலாம், டிஸ்க் பழசாக இருக்கக்கூடாது

பனியன் கம்பெனி என்றால் பெரிய கட்டடமும் வரிசையாக மெஷின்களும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். திருப்பூரில் எம்பிராய்டரி, பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங் என ஜாப் ஒர்க் செய்யும் இடங்கள் பலவும் வீட்டோடு சேர்ந்தவை. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கும். டேலி கணக்கு, டெலிவரி சலான், கோரல்டிராவில் வரைந்த டிசைன், எம்பிராய்டரி மெஷினுக்கான டிஎஸ்டி பைல் எல்லாம் அதில்தான். குடும்ப போட்டோக்களும் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

அந்த டிஸ்க் ஒரு நாள் நின்றுவிட்டால் என்ன ஆகும்? போன வருஷம் செய்த டிசைனை ரிப்பீட் ஆர்டராகக் கேட்கும்போது பஞ்சிங்கை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். "டிஸ்க் போய்விட்டது" என்று அங்கே பதில் சொல்ல முடியாது.

இதற்காகத்தான் பேக்கப் சர்வர் வேண்டும் என்கிறோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நெட்வொர்க்கில் இணைந்து, வீட்டில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான பைல் அலமாரியாக இருக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். இதை நாஸ் என்று அழைக்கிறார்கள். ஆனால் இதை வாங்கப் போகும் பலர் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள் என்பது என் கருத்து. ப்ராசசருக்கும் கேபினட்டுக்கும் செலவழித்துவிட்டு, மிச்சம் இருக்கும் காசில் டிஸ்க் வாங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

முதல் செலவு டிஸ்க்

பைல்களை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெரிய ப்ராசசர் தேவையில்லை. ஓரம் கட்டி வைத்திருக்கும் பழைய டூயல் கோர் கம்ப்யூட்டரே போதும். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச சாப்ட்வேர் 2 ஜிபி ராமில்கூட வேலை செய்யும். ட்ரூநாஸ் போட விரும்பினால் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு முதலாவதே போதும் என்பேன்.

டிஸ்க் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். சிசிடிவி பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். அப்படி யாராவது கொடுத்தால் கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவச புரோகிராமில் பவர் ஆன் ஹவர்ஸ் எண்ணைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அங்கே 26,000 என்று இருந்தால், அது மூன்று வருடம் இரவு பகலாக ஓடிய டிஸ்க்.

புதிய டிஸ்க்கிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என இரண்டு வகை உண்டு. எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டுக்கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால் தொடர்ந்து எழுதும்போது வேகம் மிகவும் குறைந்துவிடும். நாஸுக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூடி ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்பது 2020ல் வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. ஆகவே லேபிளை மட்டும் நம்பாமல், மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபார்த்து சிஎம்ஆர் டிஸ்க் வாங்குங்கள்.

மிரர் போட்டால் போதுமா?

இரண்டு டிஸ்க் வாங்க மட்டும் பணம் இருந்தால், பலரும் இரண்டையும் சர்வருக்குள் வைத்து ரெய்டு 1, அதாவது மிரர் போடச் சொல்வார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மிரரில் ஒரு டிஸ்க் நின்றாலும் வேலை நிற்காது, உண்மைதான். ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால், அதே நொடியில் இரண்டிலும் அழிந்துவிடும். வைரஸ் வந்தால் இரண்டிலும் வரும். கடை மூடாமல் இருக்க மிரர். சரக்கு தொலையாமல் இருக்க பேக்கப். வீட்டுத் தொழிலில் அரை நாள் வேலை நின்றால் சமாளிக்கலாம், டிசைன் போனால் சமாளிக்க முடியாது.

எனவே ஒரு டிஸ்க்கை சர்வரில் மாட்டுங்கள். அடுத்ததை யுஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்காக வாங்கி, வாரம் ஒருமுறை சர்வரைக் காப்பி எடுத்துக் கழற்றி வையுங்கள். அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதியும் இதையே சொல்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் என்பது முக்கியம். 2011 நவம்பர் மழையில் ஜம்மனை, சங்கிலிப்பள்ளம் ஓடைகள் பெருகி திருப்பூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி ஒரு நாளில் கம்ப்யூட்டர், சர்வர், எக்ஸ்டர்னல் டிஸ்க் மூன்றும் ஒரே அறையில் இருந்தால் மூன்றும் ஒன்றாகவே நனையும். டிஸ்க்கை மாமனார் வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ வையுங்கள். டேலி டேட்டா, டிஎஸ்டி பைல்கள் போன்றவை மதிப்பில் பெரியவை, அளவில் மிகச் சிறியவை. அவற்றை பாஸ்வேர்ட் போட்டு ஜிப் செய்து இணையச் சேமிப்பிலும் ஒரு பிரதி வைக்கலாம்.

கேபிள், கரண்ட், பஞ்சு

அடுத்த செலவு நெட்வொர்க். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில் நொடிக்குச் சுமார் 11 எம்பிதான் போகும். 1 டிபி காப்பி ஆக முழுசாக ஒரு நாள் வேண்டும். ஜிகாபிட் ஸ்விட்சும் கேட் 5இ கேபிளும் இருந்தால் அதே வேலை மூன்று மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு முனையிலும் ஜிகாபிட் போர்ட் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். பழைய டெஸ்க்டாப் 50 வாட் எடுப்பதாக வைத்தால் மாதம் 36 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். 15 வாட் எடுக்கும் சிறிய பெட்டி என்றால் 22 யூனிட்தான். பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடைத்தாலும் ஓட்டும் செலவு சும்மா இல்லை. இரவில் மட்டும் ஆன் செய்து பேக்கப் முடிந்ததும் அணைக்கும்படி வைத்தால் இது பெரிதும் குறையும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பைல்கள் கெடலாம். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினால், அதில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். தனி யுபிஎஸ் வாங்கினால், யுஎஸ்பி மூலம் சர்வருக்குத் தகவல் சொல்லி முறையாக அணைக்கும் மாடலாக வாங்குங்கள். பழைய கேபினட்டில் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிவிடுவது நல்லது.

நம் ஊருக்கே உரிய எதிரி பஞ்சு. மெஷின் ஓடும் ஷெட்டில் சர்வரை வைத்தால் பேனும் ஹீட்சிங்க்கும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். வீட்டுப் பக்கம், தரையை விட்டு உயரத்தில் வையுங்கள்.

பூட்டும் சோதனையும்

2017 மே 12ல் பரவத் தொடங்கிய வான்னாக்ரை, விண்டோஸின் பழைய எஸ்எம்பி 1 பைல் ஷேரிங் முறையில் இருந்த ஓட்டை வழியாகவே நெட்வொர்க்கில் தாவியது. சர்வரில் எஸ்எம்பி 1ஐ அணைத்து வையுங்கள். பேக்கப் போல்டரை கம்ப்யூட்டரில் டிரைவ் எழுத்தாக மாட்டி வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் எழுத முடிகிற இடத்தில் ரான்சம்வேரும் எழுதும். சர்வரே வந்து கம்ப்யூட்டரிலிருந்து பைல்களை எடுத்துக்கொள்ளும்படியும், நேற்றையது, முந்தாநாளையது, போன வாரத்தையது எனப் பழைய பிரதிகளை வைத்திருக்கும்படியும் அமைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 2017 ஜனவரி 31ல் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த பல பேக்கப் முறைகள் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை. எனவே மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு டேலி டேட்டாவையும் ஒரு டிசைனையும் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். இதற்குப் பணம் எதுவும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். திறந்து பார்க்காத பேக்கப்பை இருப்பதாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.